முகத்தில் விழும் மங்கும் கடையில் விற்கும் களிம்பும்

கோலார் தங்கவயலை அடுத்துப் பாலாற்றின் போக்கில் அமைந்துள்ள பேத்தமங்களா, நெடுங்காலம் அச்சுரங்க நகருக்குக் குடிநீர் வழங்கிய ஊராகும். அந்நீரைப் பருகிய தொழிலாளர் பல தலைமுறைகளாகப் பூமிக்கு அடியில், வெயில் முகத்தில் படாத இருளில் உழைத்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாளன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் அவ்வட்டாரத்து மக்களுட் பலர் அதிகாலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் மீள்கின்றனர். ஏனையோர் தக்காளித் தோட்டங்களிலும், மல்பெரிக் கொல்லைகளிலும், கால்நடைத் தொழிலிலும் பிழைப்புத் தேடுகின்றனர். இருளில் நடந்த உழைப்பு, இவ்வாறு பெரும்பாலும் வெயிலுக்கு வந்துவிட்டது.

வெயிலில் உழைப்போரின் கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பு நிறத்தில் படரும் கறையை மக்கள் 'மங்கு' என்று அழைக்கின்றனர். மருத்துவ நூல்கள் இதனை மெலாஸ்மா என்று குறிப்பிடும். இஃது உயிரைப் போக்கும் நோயன்று, தொற்றும் நோயுமன்று. ஆயினும், இதனைப் போக்குவதாகச் சொல்லி மருந்துக் கடைகளிலும் அழகுப் பொருட் கடைகளிலும் விற்கப்படும் சில களிம்புகள், நோயைக் காட்டிலும் பன்மடங்கு தீங்கு விளைவிப்பவை. ஆகவே, மங்கைப் பற்றிய முதற்கடமை அதனை நீக்குவதன்று. அதன் பெயரால் நடைபெறும் தீங்கைத் தடுப்பதே ஆகும். இக்கடமையை மருத்துவரைக் காட்டிலும் முன்னதாக நிறைவேற்றக்கூடியவர்கள், நாள்தோறும் மக்களின் முகங்களைக் காணும் களப் பணியாளரும் ஆசிரியருமே ஆவர்.

நிறம் உண்டாகும் விதம்

தோலின் மேலடுக்கினுடைய அடித்தளத்தில் மெலனோசைட்டு என்னும் உயிரணுக்கள் இருக்கின்றன. இவை மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கி, அண்டையிலுள்ள உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. கருநிறத்தாருக்கும் வெண்ணிறத்தாருக்கும் இவ்வணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அவை உண்டாக்கும் நிறமியின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு உள்ளது. மெலனின் ஓர் அழுக்கன்று, குடை போன்றது. புற ஊதாக் கதிர்கள் உயிரணுவின் கருவைத் தாக்காதவாறு அது காக்கிறது. நம் நாட்டில் தோற் புற்றுநோய் வெண்ணிறத்தார் வாழும் நாடுகளைவிட மிகக் குறைவாக இருப்பதற்கு இக்குடையே முதன்மையான காரணம்.

மங்கு விழுந்த இடத்தில் மெலனோசைட்டுகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டிருக்கும். தூண்டும் காரணங்களுள் முதலாவது வெயில். இரண்டாவது ஹார்மோன்களின் மாறுதல். கருவுற்ற காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளும் காலத்திலும் மங்கு தோன்றுவது இதனால்தான். மூன்றாவது பரம்பரை. இம்மூன்றும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் கரிய தோலில் நிறத்தை மிகுவிக்கும் என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

கல்லீரல் கெட்டுப் போவதால் மங்கு உண்டாகிறது என்றும், இரத்தத்தில் அழுக்குச் சேர்ந்ததன் அறிகுறி இது என்றும் கூறுவோர் உண்டு. இவற்றுக்கு ஆதாரம் இல்லை. கிரகக் கோளாறே காரணம் என்று கருதிப் பரிகாரத்துக்குச் செலவிடுவோரும் உளர். மங்கு சனி என்னும் சோதிடச் சொல்லுக்கும் முகத்தில் விழும் மங்குக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பு கிடையாது.

இது பெண்களுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணமும் பிழையாகும். 2010இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், மங்குக்காக மருத்துவரை நாடிய 200 பேருள் 41 பேர் ஆண்கள். அவர்களிடம் வெயிலே பெரிய காரணமாகக் காணப்பட்டது.

கோலார்ப் பீடபூமியில் வெயிலைப் பற்றிய ஒரு மயக்கமும் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால், சென்னையைப் போல் அங்கே புழுக்கம் இல்லை. காற்று குளிர்ச்சியாக வீசுகிறது. ஆதலால் வெயில் கடுமையற்றது என்று தோன்றும். உண்மை வேறு. உடலுக்குத் தோன்றும் சூட்டுக்கும் புற ஊதாக் கதிரின் வலிமைக்கும் நேரடித் தொடர்பில்லை. உயரம் கூடக் கூட அக்கதிரின் வலிமையும் சிறிது கூடும். மெல்லிய மேகத்தினூடேயும் அதன் பெரும் பகுதி தரையை எட்டிவிடும்.

களிம்பின் கதை

1975ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்களான கிளிக்மன், வில்லிஸ் என்னும் இருவர், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், டெக்ஸாமெத்தசோன் ஆகிய மூன்றையும் கலந்த ஒரு களிம்பை மங்குக்குப் பரிந்துரைத்தனர். முதலாவது நிறமி உண்டாவதைத் தடுப்பது. இரண்டாவது தோலின் மேற்பரப்பை விரைந்து புதுப்பிப்பது. மூன்றாவது, முன்னிரண்டினால் உண்டாகும் எரிச்சலைத் தணிக்கும் ஸ்டீராய்டு. சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவரின் கண்காணிப்பில் பூசுவதற்குரிய மருந்து இது. இன்றும் வலிமை குறைந்த ஸ்டீராய்டைக் கொண்ட மும்மருந்துக் கலவை, தோல் மருத்துவத்தில் உரிய இடம் பெற்றுள்ளது.

ஆனால் இந்தியச் சந்தையில் அக்கலவை வேறு உருவெடுத்தது. வலிமை மிக்க ஸ்டீராய்டுகள் சேர்ந்த களிம்புகள் முகத்தை வெளுக்கச் செய்யும் பொருள்களாக வாய்மொழியாகவே பரவின. மருத்துவர் ஒருவருக்கு எழுதித் தந்த சீட்டு, அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் கைமாறிற்று. குழாயின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் வேறெதுவும் கேளாமல் எடுத்துக் கொடுப்பது வழக்கமாயிற்று.

ஸ்டீராய்டுக் களிம்பைப் பூசிய முதற்சில வாரங்களில் முகம் தெளிவுறுவதைப் போல் தோன்றும். இரத்தக் குழாய்கள் சுருங்குவதும், நிறமி உண்டாவது அடங்குவதும் இதற்குக் காரணங்கள். இத்தெளிவே மனிதரை ஏமாற்றுகிறது. மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து, நுண்ணிய செந்நிறக் குழாய்கள் வெளியே தெரிகின்றன, பருக்கள் எழும்புகின்றன, கன்னத்திலும் மோவாயிலும் மயிர் வளர்கிறது. களிம்பை நிறுத்தினாலோ முகம் சிவந்து எரிகிறது. மங்கு முன்னிலும் கருமையாகத் திரும்புகிறது. எரிச்சல் தாளாமல் மீண்டும் அதே களிம்பை நாடுவதைத் தவிர அம்மனிதருக்கு வேறு வழி தெரிவதில்லை. இந்நிலையை 'ஸ்டீராய்டைச் சார்ந்துவிட்ட முகம்' என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் பெயரிட்டுள்ளனர்.

இது அரிதான கேடன்று. நாட்டின் பல ஊர்களில் நடைபெற்று 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், முகத்தில் தோற்கோளாறுகளுடன் வந்த 2,926 பேருள் 433 பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர், முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பைப் பூசிவந்தவர்களாக இருந்தனர். தோல் மருத்துவர்களின் இடைவிடாத வற்புறுத்தலின் பயனாக 2018இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையை வெளியிட்டு, மருத்துவரின் சீட்டின்றி இக்களிம்புகளை விற்பதற்கு இடமளித்த விலக்கை நீக்கியது. சட்டம் சரியானதே. எனினும் நகரத்துப் பெரிய கடைக்கும் பேத்தமங்களா போன்ற ஊரின் சிறு கடைக்கும் இடையே சட்டத்தின் குரல் மெலிந்துவிடுகிறது. வாங்குபவர் தாம் வாங்குவது இன்னதென்று அறியாதவரை, விற்பவரை மட்டும் கட்டுப்படுத்துவதால் முழுப்பயன் விளையாது.

ஹைட்ரோகுவினோனும் அளவோடு பயன்படுத்த வேண்டிய மருந்தே. ஆண்டுக்கணக்கில் பூசினால், தோலின் உள்ளே நீலக்கருமை படிந்து நிலைத்துவிடும் ஆக்ரோனோசிஸ் என்னும் கேடு வரக்கூடும். தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் இது 1975இல் விரிவாக விவரிக்கப்பட்டது. நிறத்தைப் போக்க வந்த பொருளே நீங்காத கருமையை விட்டுச் செல்வது இதன் விபரீதம்.

பாதரசம்

இதனினும் கொடியது பாதரசம் கலந்த களிம்பு. பாதரசம் தங்கவயலுக்குப் புதிய பொருளன்று. பொடியாக்கிய பாறையிலிருந்து தங்கத்தைப் பற்றிக் கொள்வதற்கு அங்குள்ள ஆலைகளில் அது ஒருகாலத்தில் பயன்பட்டது. தங்கத்தைப் பிரிக்க உதவிய அப்பொருள் முகத்தில் பூசுவதற்கு ஏற்றதன்று என்பதை அவ்வூராருக்கு விளக்குவது எளிது.

பாதரச உப்பு மெலனினை உண்டாக்கும் என்சைமின் செயலைத் தடுத்து, முகத்தை வெளுக்கச் செய்கிறது. அதேபொழுது தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. களிம்பைப் பூசியவரின் துண்டு, தலையணை முதலியவற்றின் வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளையும் அது அடையக்கூடும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயுடன் வந்த சிலரை ஆராய்ந்தபொழுது, அவர்கள் தயாரிப்பாளரின் விவரம் சரிவரக் குறிப்பிடப்படாத வெண்மைக் களிம்புகளைப் பூசி வந்தது தெரிய வந்தது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள், பாதரசத்தைச் சேர்த்து அழகுப் பொருள் தயாரிப்பதைத் தடை செய்கின்றன. தற்செயலாகக் கலந்திருப்பினும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. கண்ணருகே பூசும் பொருள்களுக்கு மட்டும் வேறு வரம்பு உண்டு. 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையும் பாதரச அழகுப் பொருள்களை ஒழிக்கக் கோருகிறது. உறையில் தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், சேர்பொருள்களின் பட்டியல் ஆகிய மூன்றில் எது இல்லாவிடினும் அக்களிம்பை வாங்கலாகாது என்பதே மக்களுக்குக் கற்பிக்க வேண்டிய எளிய விதியாகும்.

வீட்டு வைத்தியத்திலும் எச்சரிக்கை வேண்டும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால், அதிலுள்ள சோராலென் வகைப் பொருள்கள் ஒளியுடன் சேர்ந்து தோலைப் புண்ணாக்கிக் கருக்கச் செய்யும். சாதிக்காயைக் கல்லில் இழைத்து அழுத்தித் தேய்ப்பதனாலும் தோல் உராய்ந்து கருமை மிகக்கூடும். இயற்கைப் பொருள் என்பதனால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

எல்லாக் கருமையும் மங்கன்று

களப் பணியாளர் அறிய வேண்டிய மற்றொன்று, முகத்திலும் கழுத்திலும் காணும் கருமை ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தியைச் சொல்லக்கூடும் என்பதாகும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுத் துணி போலத் தடித்துக் கருத்திருந்தால், அஃது இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் அறிகுறியாகலாம். இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். விரல் கணுக்களில் கருமையும் உடற்சோர்வும் சேர்ந்திருந்தால், வைட்டமின் பி12 குறைவைப் பற்றி எண்ண வேண்டும். உள்ளங்கை ரேகைகளிலும் வாயின் உட்புறத்திலும் புதிதாகக் கருமை படர்ந்து எடையும் குறைந்து வந்தால், அட்ரினல் சுரப்பியின் குறைபாடு உண்டா என்று மருத்துவர் காண வேண்டும். தலைச்சாயம், குங்குமம், நறுமணப் பொருள் முதலியன ஒவ்வாமையினால் முகத்தைக் கருக்கச் செய்வதும் உண்டு.

தொழுநோய்க்கான கூட்டு மருந்துகளுள் ஒன்றான குளோஃபாசிமின், தோலைச் செம்பழுப்பாக்கும். இதற்கு அஞ்சிச் சிலர் மருந்தை நடுவில் நிறுத்திவிட நினைக்கக்கூடும். மருந்து முடிந்த பின் அந்நிறம் சிறிது சிறிதாக மறையும் என்பதை முதலிலேயே கூறிவிட்டால், ஒரு நோயாளியின் சிகிச்சை காப்பாற்றப்படும். இதற்கு மாறாக, உணர்ச்சி குன்றிய வெளிறிய தேமலை அழகுக் குறையாகக் கருதிக் களிம்பு பூசிக் காலம் கடத்துவது பெருந்தவறு.

கருத்தடை மாத்திரையைப் பொறுத்தவரையிலும் இதே நிதானம் தேவை. அரசு வழங்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் உண்டு. சிலருக்கு அது மங்கைத் தூண்டக்கூடும். அதனைக் கேட்டு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிட்டு, வேறு பாதுகாப்பின்றி இருப்பது நன்றன்று. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகத்தில் உருவான, ஹார்மோன் அல்லாத மாத்திரை 'சாயா' என்னும் பெயரில் குடும்ப நலத் திட்டத்தில் கிடைக்கிறது. காப்பர்-டி சாதனமும் உண்டு. மாற்று வழியைக் காட்டிய பின்னரே பழைய வழியை விடச் சொல்ல வேண்டும்.

செய்யத்தக்கவை

மங்கைத் தடுப்பதிலும் தணிப்பதிலும் முதலிடம் பெறுவது வெயிற் காப்பே. மொராக்கோ நாட்டில் 200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடைபெற்று 2007இல் வெளியான ஆய்வில், தக்க வெயிற் காப்புக் களிம்பை ஒழுங்காகப் பூசியவர்களுள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவானவர்களுக்கே புதிதாக மங்கு தோன்றிற்று. காப்பெண் 30 அல்லது அதற்கு மேற்பட்ட களிம்பை இரண்டு விரல் நீளம் எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூச வேண்டும். வெளியில் உழைப்போர் இரண்டு மணிக்கொரு முறை திரும்பப் பூச வேண்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள களிம்புகள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் தடுக்கும். களிம்பு வாங்க இயலாதவர்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி, குடை, நெருக்கமாக நெய்த துணி, நிழல் ஆகியவை உண்டு. இவை எளியவை என்பதனால் இழிந்தவை அல்ல.

சிகிச்சையைப் பொறுத்தவரை, அசலாயிக் அமிலம் போன்ற மருந்துகளும், குறிப்பிட்ட காலத்துக்கு ஹைட்ரோகுவினோனும், சிலருக்கு டிரானெக்ஸாமிக் அமிலமும் பயன் தருகின்றன. இறுதியிற் கூறிய மருந்து இரத்தம் உறைவதோடு தொடர்புடையதாகையால், மருத்துவர் ஆராய்ந்தே தர வேண்டும். கருவுற்றோர் டிரெட்டினோயினையும் ஹைட்ரோகுவினோனையும் தவிர்த்தல் வேண்டும். கருவுற்ற காலத்தில் தோன்றும் மங்கு, மகப்பேற்றுக்குப் பின் பலருக்குத் தானாகவே வெளிறிவிடும். மங்கு மீளும் இயல்புடையது. ஆழத்தில் படிந்த கறை எளிதில் போகாது. ஒரு வாரத்தில் போக்கிக் காட்டுவதாகக் கூறும் எவரையும் ஐயுறுவதே அறிவுடைமை. கோலாருக்கு அருகே தமகாவில் மருத்துவக் கல்லூரி இருப்பதால், பேத்தமங்களா வட்டாரத்தார் தோல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது இயலாத செயலன்று.

களப் பணியாளர் செய்யக்கூடிய உதவி ஒரே கேள்வியில் அடங்கியுள்ளது: "முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் அம்மா? குழாயைக் கொஞ்சம் காட்டுங்கள்." குழாயின் மீது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் முதலிய பெயர்கள் காணப்பட்டால், அது ஸ்டீராய்டு என்பதை விளக்க வேண்டும். நெடுநாள் பூசியவரை உடனே நிறுத்தச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; திடீரென நிறுத்தினால் முகம் கடுமையாக எரியக்கூடும். அவரைக் கடிந்து பேசுதல் ஆகாது. அறியாமல் வாங்கியவர் மீது குற்றம் சாட்டினால், அடுத்த முறை குழாயை மறைத்து விடுவார்.

ஆசிரியருடைய பொறுப்பு இன்னும் ஆழமானது. காலை வழிபாட்டையும் உடற்பயிற்சி வகுப்பையும் வெயில் ஏறுமுன் முடிப்பது, விளையாட்டுக்குத் தொப்பியை அனுமதிப்பது ஆகியன தலைமையாசிரியரின் ஒரு சொல்லில் நிறைவேறக் கூடியவை. ஆனால் "கறுப்பி" என்று ஒரு மாணவியை மற்றவர் அழைக்கும்பொழுது ஆசிரியர் வாளாவிருந்தால், அச்சிறுமி சில நாளில் கடைக்குச் சென்று களிம்பு வாங்குவாள். மெலனினைப் பற்றிய பாடத்தை நடத்திவிட்டு, நாடகத்தில் அரசிக்கு எப்பொழுதும் வெளுத்த பெண்ணையே தேர்ந்தெடுத்தால், பாடம் ஏட்டோடு நின்றுவிடும்.

மருத்துவர் பற்றாக்குறையும் இரத்தசோகையும் காசநோயும் இருக்கும் நாட்டில், முகக் கறைக்குப் பொதுப் பணத்தையும் பணியாளரின் நேரத்தையும் செலவிடுவது தகுமா என்னும் கேள்வி நியாயமானதே. ஆனால் இங்கே வேண்டப்படுவது புதிய மருத்துவமனையன்று. ஏற்கெனவே வீடு வீடாகச் செல்பவர் கேட்கும் ஒரு கேள்வி. அதனால் தவிர்க்கப்படும் சிறுநீரகக் கேடும், வீணாகாமல் மிஞ்சும் கூலிப் பணமும், முகம் எரிய வீட்டுக்குள் ஒடுங்கும் பெண்ணின் துயரமும் அற்பமானவை அல்ல. வெயிலில் நடக்குமாறு அரசே பணித்திருக்கும் ஆஷா, அங்கன்வாடிப் பணியாளருக்கும், ஊரக வேலைகளில் ஈடுபட்டோருக்கும் அகன்ற தொப்பியோ குடையோ வழங்குவதும், கடும் வெயில் நேரத்தைத் தவிர்த்து வேலை நேரத்தை அமைப்பதும் நியாயமே. சுரங்கத்தில் இறங்கியவனுக்குத் தலைக்கவசமும் விளக்கும் தருவது நிர்வாகத்தின் கடமையாயிருந்தது. வெயிலில் இறங்குபவருக்கு நிழல் தருவதும் அத்தகைய கடமையே.

மங்கு முற்றிலும் மறையாவிடினும் ஒருவர் நலமாக வாழலாம். களிம்பால் கெட்ட தோலும் பாதரசத்தால் கெட்ட சிறுநீரகமும் அவ்வளவு எளிதில் திரும்பி வருவதில்லை. ஊரில் உள்ள ஒவ்வொரு களப் பணியாளரும் இவ்வேறுபாட்டை வாரத்துக்கு ஒரு வீட்டில் எடுத்துரைத்தாலும், ஓராண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கடையில் கை நீட்டுமுன் குழாயின் மேலுள்ள எழுத்தைப் படிக்கக் கற்றிருக்கும்.